துணி பேட் தைத்துக் கொடுத்தேன், மகளுக்கு அரிக்கிறது, இப்போது 300 பேட் ஓடர் வந்திருக்கிறது: டொக்டர் பதில்

கடிதம், சுருக்கமாக:

வாசகி கொழும்பில் ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் இருக்கிறார். வயது 34. கணவர் த்ரீவீல் ஓட்டுகிறார், 14 வயதிலும் 12 வயதிலும் இரண்டு மகள்மார், கூடவே மாமியார். ஒன்பது வருடம் கார்மென்ட் ஒன்றில் மெஷினில் இருந்தவர், இப்போது வீட்டிலேயே சட்டை, பாவாடை தைத்துக் கொடுக்கிறார். 2022 இல் சாமான் விலையெல்லாம் ஏறியபோது மாதவிடாய்க்குப் பேட் வாங்குவதை நிறுத்திவிட்டு, பழைய துணியை மடித்துத் தைத்துத் தான் பாவிக்கத் தொடங்கினார். மூத்த மகள் போன வருடம் பெரியபிள்ளையானாள். காசை மிச்சம் பிடிக்க ஒரே பேட்டோடு நாள் முழுக்க இருந்தவள், ஒருநாள் வகுப்பில் கறை பட்டதிலிருந்து அந்த நாட்களில் பாடசாலைக்கே போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அதனால் அவளுக்கும் துணி பேட். இப்போது பாடசாலைக்குப் போகிறாள், ஆனால் இரண்டு மாதமாக அரிப்பும் ஒருவித மணமும் இருக்கிறது என்கிறாள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பெண்களும் கேட்க, நாலு பேர் சேர்ந்து தைக்கிறார்கள். ஒரு தொண்டு அமைப்பு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க 300 பேட் கேட்டிருக்கிறது. ஒன்று 250 ரூபாவுக்குக் கொடுக்க யோசனை. இந்த நேரம் பார்த்து மாமியாரின் அக்கா, "துணி வைத்தால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும், பிறகு பிள்ளையும் தங்காது" என்று சொல்லிவிட்டுப் போக, வாசகிக்கு நித்திரை இல்லை. துணி பாதுகாப்பா, டெட்டோலில் ஊறவைக்கிறேன், அது சரியா, வீடியோவில் பார்த்த கோயம்புத்தூர்க்காரரின் பேட் மெஷினை இறக்குவது நல்லதா, விற்க லைசென்ஸ் வேண்டுமா, இந்த ஓடரை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கடிதத்தோடு அவர் தைத்த பேட் இரண்டும் பேப்பரில் சுற்றி வந்திருந்தன.

தங்கச்சி,

முதலில் அந்தப் பெரியம்மா சொன்னதை முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் உங்கள் காதில் ஏறாது. துணி வைப்பதால் புற்றுநோய் வராது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அது உடலுறவால் தொற்றுவது, துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கான தடுப்பூசி 2017 இலிருந்து நம் நாட்டில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இரண்டு தடவை போடப்படுகிறது. உங்கள் இரண்டு மகள்மாரும் அந்த வகுப்பைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே இரண்டு பேரின் தடுப்பூசி அட்டையையும் எடுத்து இரண்டு தடவையும் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்னொன்று, உங்களுக்கு அடுத்த வருடம் 35. அந்த வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்வார்கள். மகளைப் பற்றி எழுத வந்தவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் நானாகச் சொல்கிறேன்.

பிள்ளை தங்காது என்ற கதையும் அப்படித்தான், துணி அதைச் செய்யாது. ஆனால் பெரியம்மா காற்றில் இருந்து பிடித்துச் சொன்னார் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒடிசாவில் வைத்தியசாலைகளுக்கு வந்த பெண்களிடம் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், திரும்பத் திரும்பத் துணி பாவித்தவர்களிடம் தொற்று அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பிறகு 2018 இல் வந்த இன்னொரு ஆய்வில் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தார்கள். துணி பாவித்தவர்களில், அதை வீட்டுக்குள் காயவைத்தவர்களுக்கும் கழிவறைக்குள்ளேயே எடுத்து வைத்தவர்களுக்கும்தான் பூஞ்சைத் தொற்று கூட இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பால்கனிப் பக்கம் சாமிப்படம் இருக்கிறபடியால் மாமி அங்கே போட விடமாட்டா, நான் பாத்ரூமுக்குள் கதவுக்குப் பின்னால் துவாய்க்கு அடியில் போடுகிறேன்."

என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பேட்

தையல் அருமை, ஒன்பது வருடம் மெஷினில் இருந்த கை என்று பார்த்தவுடன் தெரிகிறது. சிறகுக்கு அழுத்துப் பொத்தான் வைத்து, ஓரமெல்லாம் ஓவர்லொக் பிடித்து, கடைப் பேட்டைவிட வடிவாக இருந்தது. கிளினிக்கில் வேலை செய்யும் அக்கா தனக்கும் நாலு வேண்டும் என்கிறார்.

ஒன்றில் சிரிஞ்சால் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மேலே ஒன்றுமே தெரியவில்லை, அப்படியே குடித்துவிட்டது. இன்னும் 10, அதற்கும் அசையவில்லை. அதற்குப் பிறகு இரண்டையும் சாதாரணச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒன்றை வெளி ஜன்னல் கம்பியில் வெயில் படக் கொழுவினேன், மற்றதை நீங்கள் எழுதிய மாதிரியே எங்கள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துவாய்க்குக் கீழே போட்டேன். அடுத்த நாள் பகல் கிளினிக் முடிந்து எடுத்துப் பார்த்தால், தொட்டால் இரண்டும் காய்ந்த மாதிரித்தான். மன்னிக்க வேண்டும், இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெளியில் கிடந்தது நடுவில் மட்டும் இலேசான ஈரம். கதவுக்குப் பின்னால் கிடந்ததன் உள் மடிப்பு, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிகிற அளவுக்கு ஈரம், மணம் ஒரு நனைந்த சாக்கின் மணம். அதை மகள் காலை ஆறரைக்கு வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளாடை, சீருடை எல்லாம் போட்டுக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணி வரைக்கும் இருக்கிறாள். அரிக்காமல் என்ன செய்யும்?

வெட்டிய பிறகுதான் எண்ணினேன், துவாய்த் துணி எட்டு மடிப்பு. ஏன் அவ்வளவு வைத்தீர்கள் என்று விளங்குகிறது, வகுப்பில் மறுபடி கறை படக்கூடாது என்ற தாயின் பயம் அது. ஆனால் ஒரு மாதவிடாய் முழுவதற்கும், அதாவது எல்லா நாளும் சேர்த்து, பெரும்பாலான பெண்களுக்குப் போகும் இரத்தம் 30, 40 மில்லிலீற்றர்தான். 80 ஐத் தாண்டினால்தான் அதிகம் என்று நாங்கள் சொல்வோம். பயத்தில் எங்களுக்கு அது ஒரு செம்பு மாதிரித் தெரியும், உண்மையில் ஒரு சின்னத் தேநீர்க் கோப்பைகூட நிறையாது. அப்படியிருக்க ஒரே பேட் 20 மில்லிலீற்றர் குடிக்கத் தேவையில்லை. பகலுக்கு மூன்று, நாலு மடிப்புப் போதும், இரவுக்கு வேண்டுமானால் ஒன்று கூட. மடிப்புக் கூடினால் பாதுகாப்புக் கூடும் என்பது பிழை, அது காயாமல் இருப்பதற்கான வழி.

நான் தைக்கத் தெரியாதவள், ஆனால் ஒரு யோசனை சொல்கிறேன். உறிஞ்சும் துணியைப் பேட்டோடு சேர்த்துத் தைக்காமல் தனியாக விடுங்கள். அடியில் சிறகும் கசியாத துணியும் உள்ள ஒரு மெல்லிய உறை, அதற்குள் நாலாக மடித்து வைக்கிற ஒரு பருத்தித் துணி. கழுவும்போது அந்தத் துணி முழுதாக விரியும், கொடியில் போட்டால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு லேஞ்சி. கொழும்பு வெயிலில் லேஞ்சி காய எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, பின்னேர மழை வருவதற்கு முன்பே எடுத்துவிடலாம்.

கடும் சிவப்பு, கறுப்பு நிறத்தில் தைத்தால் கறை தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். வெளிப்பக்கம் எந்த நிறமும் போடுங்கள், பூப்போட்ட சீத்தைகூடப் போடலாம். உடம்பில் படுகிற பக்கம் மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும். கழுவினது சுத்தமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், போகிற இரத்தத்தின் அளவும் தெரிய வேண்டும். பழைய கறை நிழல்போல நின்றால் பரவாயில்லை, அது அழுக்கு இல்லை.

கார்மென்ட் கட்பீஸ் மலிவாகக் கிடைக்கிறது என்பதும் நல்லது, ஆனால் எல்லாக் கட்பீஸும் பருத்தி இல்லை. ஒரு துளி தண்ணீர் விடுங்கள், உருண்டு நின்றால் அந்தத் துணி உள்ளே வேண்டாம். புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும், வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் கழுவுங்கள், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

மகளின் அரிப்பு

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஈரத்தாலும் டெட்டோலாலும் தோல் புண்ணாகியிருக்கத்தான் கூடுதல் சாத்தியம். ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. தயிர் திரண்ட மாதிரி வெள்ளைப்படுதல் இருந்தால் அது பூஞ்சை, சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு என்றால் வேறு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் ஃபார்மசிக்குப் போய் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று வாங்கிப் பூசாதீர்கள், சிலதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும், பூஞ்சை இருந்தால் அதை இன்னும் கூட்டிவிடும்.

பிள்ளையைக் காட்டப் பயமாக இருக்கிறது, "உள்ளே பார்ப்பார்களோ" என்று கேட்டிருந்தீர்கள். மாட்டார்கள். 14 வயதுப் பிள்ளைக்கு இந்தக் காரணத்துக்காக உள்பரிசோதனை செய்வதில்லை. வெளியில் தோலைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. அரச வைத்தியசாலை ஓ.பி.டி. யில் காசில்லாமல் காட்டலாம், பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். உங்கள் பகுதி மிட்வைஃப் இரண்டாவது பிள்ளையின் காலத்திலிருந்தே உங்களைத் தெரிந்தவராக இருப்பார், எங்கே, எந்த நாள் போவது என்று அவரிடம் கேட்டால் சொல்வார்.

ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் பேட் நனைந்தாலோ, பெரிய கட்டிகள் போனாலோ அது துணிப் பிரச்சினை இல்லை, அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், இரத்தம் குறைந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். சோர்ந்து படுக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று பேசுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டெட்டோலை விடுங்கள்

கிருமிநாசினியில் ஊறவைத்தால் ஆஸ்பத்திரிச் சுத்தம் வரும் என்று நினைக்கிறோம். அந்தத் திரவம் நூலுக்குள் தங்கி, அடுத்த தடவை உடம்பில் படும்போது எரிக்கும். அந்த இடத்துக்கென்று நல்ல கிருமிகளும் ஒரு புளிப்புத் தன்மையும் இருக்கின்றன, அதுதான் காவல், அதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. இன்னொன்று, கடைப் பேட் கிருமியே இல்லாதது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சுத்தமாகப் பொதி செய்ததுதான், சத்திரசிகிச்சைக்குப் பாவிக்கிற பஞ்சு மாதிரிக் கிருமி நீக்கியது என்று நினைக்க வேண்டாம்.

முறை இவ்வளவுதான்: எடுத்தவுடன் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், இரத்தம் துணியில் பிடித்துவிடும். பிறகு சாதாரணச் சவர்க்காரம், நுரை போகும்வரை அலசல், நல்ல வெயில். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் போட்டால் துணி தண்ணீரைக் குடிக்காது. மழை நாளில் உள்ளே வைக்கிற பருத்தித் துணியை அயன் பண்ணலாம், கசியாத துணியில் அயன் வைத்தால் உருகும், அவிக்கவும் வேண்டாம். நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், நிறையவில்லை என்றாலும்.

இனி மாமியின் விஷயம். சாமிப்படம் இருக்கிற பக்கம் துடக்குத் துணி போடக்கூடாது என்று அவர் சொல்வதோடு நீங்கள் சண்டைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குச் சொல்வது சுலபம், எங்கள் வீட்டில் மொட்டைமாடி இருக்கிறது. ஏழாம் மாடியில் ஒரே ஒரு பால்கனி, அதில் ஐந்து பேரின் உடுப்பு, அதற்குள் மாமியாரோடு வழக்கு வேறா? ஆனால் வெட்டிய அந்தத் துண்டு மாதிரி ஒன்றை அவர் கையில் கொடுத்து மணந்து பார்க்கச் சொல்லுங்கள், பேத்திக்கு அரிப்பு இதனால்தான் என்று சொல்லுங்கள். பேத்தி என்றால் மாமிமார் இறங்கி வருவார்கள், மருமகள் என்றால்தான் கஷ்டம். அதற்கும் சரிவராவிட்டால் அறை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு, லேஞ்சி மாதிரி விரித்து. துவாய்க்கு அடியில் மட்டும் வேண்டாம்.

கோயம்புத்தூர் மெஷின்

நீங்கள் வீடியோவில் பார்த்தவர் அருணாசலம் முருகானந்தம், 2016 இல் பத்மஶ்ரீ வாங்கியவர். அவருடைய மெஷின் மரக்கூழை அரைத்து அழுத்திச் செய்கிற, ஒருதரம் பாவித்து எறிகிற பேட்டுக்கு. உங்கள் தையல் மெஷினோடு அதற்கு ஒரு உறவும் இல்லை. கடன் வாங்கி அதை இறக்கினால் மூலப்பொருளையும் நீங்கள்தான் இறக்க வேண்டும், டொலர் ஏறினால் உங்கள் விலையும் ஏறும், 2022 இல் கடையில் பட்ட பாட்டைத்தான் மறுபடி படுவீர்கள். துணி பேட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்கள் தைப்பதைப் பாருங்கள், இங்கேயே குருநாகலில் செலின் கைத்தறி நிறுவனமும் மறுபடி பாவிக்கும் பேட் செய்திருக்கிறது. இந்தியாவில் 2021 இல் இப்படியான பேட்டுக்கென்றே தனித் தரநிலை ஒன்றும் வந்தது. இதெல்லாம் வறுமைக்கு ஒட்டுப்போடுகிற வேலை என்று யாராவது நக்கலடித்தால் இதைச் சொல்லுங்கள்.

விலை

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் கோபம். துணி, பொத்தான், நூல், கசியாத துணி எல்லாம் சேர்த்து ஒரு பேட்டுக்கு 190 ரூபா, விற்பது 250, ஆகவே 60 ரூபா லாபம் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூலி எங்கே? ஒரு நாளில் 12 பேட் தைக்கலாம் என்கிறீர்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 ஏப்ரலில் மாதம் 27,000, நாள் 1,080 ரூபா ஆக்கினார்கள். அந்தக் கணக்கில்கூட ஒரு பேட்டுக்குக் கூலி 90 ரூபா. 190 உம் 90 உம் 280. அதாவது அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தை விடவும் குறைந்த கூலிக்கு உங்களையே நீங்கள் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், கரண்ட் பில்லையும் எண்ணெயையும் நான் சேர்க்கவே இல்லை. ஏழைகளுக்கு உதவுகிறோம் என்று நாலு ஏழைப் பெண்கள் சும்மா உழைப்பது என்ன நியாயம்?

"280 என்றால் யார் வாங்குவார்கள்" என்பீர்கள். ஒருவருக்குக் குறைந்தது ஏழு பேட் வேண்டும், கழுவினது காயும்வரைக்கும் கையில் இருக்க, அது 1,960 ரூபா. கடைப் பக்கற் இரண்டுக்கு மாதம் 600 ரூபா போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் நாலாம் மாதத்தோடு போட்ட காசு திரும்பிவிடும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பேட் இரண்டு மூன்று வருடம் இருக்கும். கணக்கில் எல்லாம் சரி. ஆனால் 1,960 ஐ ஒரேயடியாக எடுத்து வைக்க முடியாததால்தானே மாதாமாதம் 300, 300 ஆகக் கடையில் கொடுக்கிறோம். வறுமை என்பது அதுதான். அதற்கு உங்கள் மாடியிலேயே வழி இருக்கிறது, பெண்கள் பிடிக்கிற சீட்டு. ஏழு பேர் சேர்ந்து மாதம் 280 போடட்டும், ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு முழு செட். பிள்ளை பெரியபிள்ளையான வீட்டுக்கு முதல் சீட்டு.

வரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இறக்குமதிப் பேட்டுக்கு 2018 வரைக்கும் எல்லாம் சேர்த்து 101.2 வீத வரி இருந்தது, அந்த வருடம் செப்டெம்பரில் அதற்குள் ஒன்றான செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரியை எடுத்தபோது 62.6 வீதமாகக் குறைந்தது. பேட்டின் விலையை விட அதன் மேல் வரி கூடுதலாக இருந்த நாடு இது. மறுபக்கம், 2024 இல் கல்வி அமைச்சு மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. எல்லாப் பாடசாலைக்கும் இல்லை, ஆனால் உங்கள் மகள்மாரின் பாடசாலை பட்டியலில் இருக்கிறதா என்று வகுப்பாசிரியையிடம் வாய்விட்டுக் கேளுங்கள். துணி பேட் தைக்கிறோம் என்பதற்காக வருகிற வவுச்சரை விடக்கூடாது.

லைசென்ஸ் பற்றி: நான் சட்டத்தரணி இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். வியாபாரப் பெயர் ஒன்றைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், நாலு பேரும் பங்காளிகள் என்றால் நாலு பேரின் பெயரிலும், பிறகு காசு வரும்போது சண்டை வராது. பொதியில் விலை, எதனால் செய்தது, எப்படிக் கழுவுவது, தைத்த மாதம், இவற்றை மூன்று மொழியிலும் போடுங்கள். "கிருமி எதிர்ப்பு", "நோயைத் தடுக்கும்", "மருத்துவர் பரிந்துரைத்தது" என்று மட்டும் போடாதீர்கள். சோதித்து நிரூபிக்காத ஒன்றைப் பொதியில் எழுதினால் நுகர்வோர் அதிகாரசபைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். என் பெயரையும் போட்டுவிடாதீர்கள், பேட்டை வெட்டினவள் என்று வேண்டுமானால் போடுங்கள்.

அந்த 300 பேட் ஓடர்

எடுங்கள், ஆனால் இந்த மாதம் இல்லை. புது மாதிரியைத் தைத்து, உங்கள் நாலு பேரோடு இன்னும் ஆறு பேர், மூன்று மாதம் பாவித்துப் பாருங்கள். யாருக்குக் கசிந்தது, யாருக்கு அரித்தது, எத்தனை மணித்தியாலத்தில் காய்ந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த அமைப்பு அவசரப்பட்டால், உங்கள் மகளுக்கு வந்த அரிப்பு 300 பேட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு வரும் என்று கேளுங்கள்.

பாடசாலைக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பிள்ளை பாடசாலையில் பேட்டை மாற்றினால், பாவித்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, பைப்பில் தண்ணீர் வரும்போது வரும், புத்தகப் பைக்குள் ஈரத் துணி, பக்கத்தில் பொடியன்கள். அதற்குப் பயந்து மாற்றாமலே இருந்துவிடுவார்கள், மறுபடி ஒரே பேட்டோடு நாள் முழுக்க. ஆகவே துணியா கடைப் பேட்டா என்று சண்டை பிடிக்காமல், பாடசாலை நேரத்துக்குக் கடைப் பேட், வீட்டுக்கும் இரவுக்கும் துணி என்று கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கும் அரிப்பு ஆறிய பிறகு அதுதான் என் ஆலோசனை, மாதம் இரண்டு பக்கற் வாங்கின இடத்தில் ஒன்று போதும். அதுவரைக்கும் துணியே வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே காயப்போடுவாய்?" பதில் இல்லாதவருக்குத் துணி பேட் கொடுக்காதீர்கள். கட்டுநாயக்கப் பக்கம் போர்டிங் அறையில் எட்டுப் பேர் ஒரு பைப்பைப் பகிர்கிற பிள்ளைகள், களனி ஆறு பெருகினால் முகாமுக்குப் போகிற வீடுகள், இவர்களுக்கு எறிகிற பேட்தான் சரி. பொதிக்குள் பேட்டோடு ஒரு சவர்க்காரக் கட்டி, இரண்டு கிளிப், சிப் வைத்த ஒரு சின்னப் பையும் இருக்கட்டும், அந்தச் செலவை அமைப்பு கொடுக்கட்டும். ஒரு நிபந்தனையும் போடுங்கள், படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பேட் பொதியைக் கொடுத்து, முகம் தெரியப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுகிற ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் படத்தில் நின்ற பிள்ளை அடுத்த கிழமை வகுப்புக்கு எப்படிப் போகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மகளைக் காட்டிவிட்டு டொக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். புது மாதிரி தைத்தால் ஒன்று அனுப்புங்கள், இந்தத் தடவை வெட்டமாட்டேன். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை தொடங்கியதும் உங்கள் ஏழாம் மாடி ஜன்னலில் அது காய எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கொப்பியில் குறித்து அதையும் எழுதுங்கள். எனக்கு இங்கே இதே கேள்வியோடு இன்னும் மூன்று கடிதம் கிடக்கிறது.